கையொப்பமும் காடும்: மேல் அமேசனின் நிலவுரிமைப் போராட்டத்திற் பழங்குடிப் பெண்கள்

வரலாறு பெரும்பாலும் ஆவணங்களைக் கொண்டே எழுதப்படுகின்றது. ஆவணத்திற் கையொப்பமிட்டோர் வரலாற்றில் இடம்பெறுவர், கையொப்பமிடாதோர் மறக்கப்படுவர். தென்னமெரிக்காவின் அமேசன் மழைக்காடுகளில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடைபெற்றுவரும் நிலவுரிமைப் போராட்டத்தை நோக்குமிடத்து, இவ்வுண்மை தனியானதொரு பொருளைப் பெறுகின்றது. எண்ணெய்க் கம்பனிகளும் அரசாங்கங்களும் அக்காட்டுக் கிராமங்களுக்குட் புகுந்தபோது தம்முடன் கொண்டுசென்றவை இரண்டு: ஒன்று நிலப்படம், மற்றையது கையொப்பம் பெறுவதற்கான தாள். அவர்கள் பேச்சுவார்த்தை நடத்தியது பெரும்பாலும் ஆண்களுடனேயே. பின்னர் அக்கையொப்பங்கள் செல்லுபடியாகுமா என வினவியோருள் முன்னணியில் நின்றோர் பெண்கள்.

இது தற்செயலாக நிகழ்ந்ததன்று. பெண் இயற்கையோடு ஒன்றியவள், நிலமும் தாய் நதியும் தாய், ஆதலாற் பெண்ணே அவற்றைக் காப்பாள் என்பது பலரும் கூறும் விளக்கம். கேட்பதற்கு இனிதாயினும் இவ்விளக்கம் வரலாற்று விளக்கமாகாது. எக்காலத்துக்கும் பொதுவான ஓர் இயல்பைக் காரணங்காட்டினால், இப்போராட்டம் ஏன் இக்காலத்தில், இவ்விடத்தில், இவ்வடிவில் எழுந்தது என்ற வினா விடையின்றியே எஞ்சும். அப்பெண்களின் தலைமையை அவர்களது உழைப்பின் தன்மையிலும், "சம்மதம்" பெறப்பட்ட முறையிலுமே தேடவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். எக்குவடோர் நாட்டின் பஸ்தாசா மாகாணமும் அதனை அடுத்துள்ள வவோரானி மக்களின் நிலமும் இதற்கு முதன்மைச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

"வெறுநிலம்" என்னும் கருத்து

மேல் அமேசன் காடுகள் உலகச் சந்தையோடு பெருமளவிற் பிணைக்கப்பட்டது இறப்பரினாலாகும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இறப்பர்ப்பால் சேகரிப்பதற்காகப் பழங்குடி மக்கள் கடனாலும் ஆயுதத்தாலும் அடிமைப்படுத்தப்பட்டனர். ஒருகாலத்திற் பரந்து வாழ்ந்த சாப்பரா மக்கள் நோயினாலும் இக்கொடுமையினாலும் சில நூற்றுவராகக் குறைந்தனர். இவ்வரலாற்றின் மறுபாதி நம் நாட்டைச் சேர்ந்தது. 1876இல் ஹென்றி விக்ஹாம் என்னும் ஆங்கிலேயர் பிறேசிலின் தபஜோஸ் ஆற்றுப் பிரதேசத்திலிருந்து கொண்டுசென்ற விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைக்கவைக்கப்பட்டு, ஏறத்தாழ 1,900 கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. இலங்கையிலும் மலாயாவிலும் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பில் வளர்ந்த தோட்ட இறப்பர் சந்தையை நிறைத்தபோது, 1912ஐ அடுத்து அமேசன் இறப்பர் வணிகம் வீழ்ந்தது. ஒரே பயிர் இரு கண்டங்களில் இருவகை மக்களின் வாழ்வை மாற்றியமைத்தமை நினைவிற் கொள்ளத்தக்கது.

இறப்பருக்குப் பின் வந்தது எண்ணெய். எக்குவடோரில் 1964ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்த, குடியேற்றச் சட்டம் காட்டை ஆளில்லாத வெறுநிலமாகக் கருதியது. காட்டை வெட்டி வெளியாக்கியவனே நிலத்தைப் பயன்படுத்துபவன் என்று கொள்ளப்பட்டான். காட்டைக் காடாகவே வைத்து வாழ்ந்தவன் நிலத்தைப் பயன்படுத்தாதவன் ஆனான். 1967இல் வட அமேசனிலுள்ள இலாகோ அக்ரியோவில் டெக்சகோ கம்பனி எண்ணெயைக் கண்டது. 1972இல் அண்டிஸ் மலைத்தொடரைக் கடந்து பசுபிக் கரைக்குச் செல்லும் எண்ணெய்க்குழாய் நிறைவுற்றது. குழாயோடு பாதையும், பாதையோடு குடியேற்றக்காரரும் வந்தனர். எண்ணெய்க் கழிவால் நீரோடைகள் மாசுற்றன. தெற்கே பஸ்தாசாவில் வாழ்ந்த மக்களுக்கு வடக்கின் நிலை ஓர் எச்சரிக்கையாயிற்று.

1992 ஏப்ரலிற் பஸ்தாசாவின் கிச்வா, அச்சுவார் முதலிய மக்கள் ஏறத்தாழ 2,000 பேர் பூயோ நகரிலிருந்து மலையேறி, 2,800 மீற்றருக்கு மேல் உயரத்திலுள்ள தலைநகர் கீட்டோவுக்கு நடந்து சென்றனர். அப்போதைய சனாதிபதி றொட்றிகோ போர்கா 11 இலட்சம் ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்துக்கு உரிமைப்பத்திரம் வழங்க உடன்பட்டார். அது பெரிய வெற்றியே. எனினும் நிலத்தின் மேற்பரப்பு மாத்திரமே மக்களுக்குரியதாயிற்று. நிலத்தடி வளம் அரசின் உடைமையாகவே இருந்தது. ஆகவே, நிலத்தை உடையவரிடம் அந்நிலத்தைத் துளைப்பதற்கு எவ்வாறு சம்மதம் பெறுவது என்பதே அடுத்த கட்டத்தின் மையப் பிரச்சினையாயிற்று.

பெண்களின் உழைப்பும் நிலம் பற்றிய அறிவும்

கிச்வா மக்களின் பொருளாதாரத்தில் வேட்டை ஆண்களுக்கும் சேனை பெண்களுக்கும் உரியன. மரவள்ளியே அச்சேனையின் முதற்பயிர். பெண்கள் அதனை நட்டு, களைபிடுங்கி, கிழங்கை அவித்து மென்று புளிக்கவைத்து ஆக்கும் பானமே அன்றாட உணவாகவும் விருந்தோம்பலின் அடையாளமாகவும் உள்ளது. அப்பானத்தை வைக்கும் மட்பாண்டங்களையும் பெண்களே வனைகின்றனர். நோர்மன் விற்றன் 1976இல் வெளியிட்ட ஆய்வு நூல் இம்மக்களின் வாழ்வை விரிவாக ஆராய்ந்தது. சேனை மண்ணுக்கும் பாண்டம் வனையும் களிமண்ணுக்கும் அதிதெய்வமாக நுங்குயி என்னும் பெண் தெய்வம் போற்றப்படுகின்றது. எந்த மண் கிழங்குக்கு உகந்தது, எந்த ஓடைக்கரையிற் களிமண் கிடைக்கும், எந்நீர் குடிப்பதற்கு உரியது என்னும் அறிவு தாயிடமிருந்து மகளுக்குச் செல்கின்றது.

வவோரானி மக்களிடையே மணமான ஆண் மனைவியின் வீட்டாரோடு சென்று வாழும் வழக்கம் இருந்தது. எனவே வீட்டிலும் நிலத்திலும் பெண்களின் சொல்லுக்கு வலு இருந்தது. வெளியுலகத் தொடர்பு இச்சமநிலையைக் குலைத்தது. 1958இல் அமெரிக்க மதபோதகர்கள் அம்மக்களிடையே நிலைகொண்டமைக்குத் தயுமா என்னும் வவோரானிப் பெண்ணே பாலமாக இருந்தார். ஆயினும் அரசோடும் கம்பனிகளோடும் பேசவேண்டிய காலம் வந்தபோது, ஸ்பானிய மொழி அறிந்த இளம் ஆண்களே சமூகத்தின் குரலாகக் கொள்ளப்பட்டனர். 1990இல் அமைந்த வவோரானி அமைப்பு 1993இல் மக்சஸ் எண்ணெய்க் கம்பனியுடன் நட்புறவு உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டது. சிறு நன்கொடைகள் வந்தன, பாதையும் வந்தது. நிலத்தில் அன்றாடம் உழைத்தவர் ஒருவராகவும் நிலத்தைப் பற்றிப் பேசியவர் வேறொருவராகவும் பிரிந்த நிலை இவ்வாறு தோன்றியது. இப்பிரிவே பின்வந்த போராட்டங்களின் ஊற்றாகும்.

சரயாக்கு: 500 வேலைகளும் ஒரு பெயர்ப்பட்டியலும்

பொபொனாசா ஆற்றங்கரையிலுள்ள சரயாக்கு ஏறத்தாழ 1,200 கிச்வா மக்கள் வாழும் ஊர். அதன் நிலப்பரப்பு ஏறத்தாழ 135,000 ஹெக்டேயர். 1996இல் எக்குவடோர் அரசு சி.ஜி.சி. என்னும் ஆர்ஜென்ரீனக் கம்பனிக்கு 200,000 ஹெக்டேயர் கொண்ட 23ஆம் தொகுதியை எண்ணெய் ஆய்வுக்காக வழங்கியது. அத்தொகுதியின் பெரும்பகுதி சரயாக்குவின் நிலமாகும். ஊராரிடம் எவரும் கேட்டிலர்.

பின்னர் சம்மதத்தைத் தேடிக் கம்பனி வந்தது. அது கையாண்ட முறைகள் பின்னாளில் அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றத்தின் தீர்ப்பிற் பதிவாகியுள்ளன. அபிவிருத்தி வேலைகளுக்கென 60,000 டொலர் தருவதாகவும், ஊர் ஆண்களுக்கு 500 வேலைகள் தருவதாகவும் கூறப்பட்டது. மருத்துவக் குழுவொன்று அனுப்பப்பட்டது. சிகிச்சை பெறுவோர் பெயர்ப்பட்டியலொன்றிற் கையொப்பமிட வேண்டியிருந்தது. அப்பட்டியலே பின்னர் கம்பனிக்கு ஆதரவு தெரிவிக்கும் கடிதமாகப் பயன்படுத்தப்பட்டது. மருந்துக்கு இட்ட கையொப்பம் நிலத்துக்கு இட்ட கையொப்பமாக மாறிய விதம் இது.

ஆண்களுக்கு 500 வேலைகள் என்பதைப் பெண்களின் நிலையில் நின்று நோக்குதல் வேண்டும். ஆண்கள் கூலிக்குச் சென்றால் வேட்டையும் மீன்பிடியும் குறையும். சேனையின் சுமை முழுவதும் பெண்கள்மேல் விழும். ஓடை மாசுற்றால் அந்நீரைக் கொண்டு சமைப்போரும் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவோரும் அவர்களே. வரவு ஒருவர் கையிலும் இழப்பு மற்றொருவர் கையிலும் சேரும் கொடுக்கல் வாங்கல் அது. சரயாக்குப் பெண்கள் உடன்பட மறுத்தமைக்கு இக்கணக்கே போதிய காரணமாகும்.

2002 ஒக்ரோபருக்கும் 2003 பெப்ரவரிக்கும் இடையிற் கம்பனி ஆட்கள் காட்டுக்குட் புகுந்து, நில அதிர்வு ஆய்வுக்காக 1,400 கிலோகிராமுக்கு மேற்பட்ட வெடிமருந்தைப் புதைத்தனர். ஊரார் தம் நில எல்லையில் "அமைதிக்கும் வாழ்வுக்குமான முகாம்கள்" ஆறினை அமைத்தனர். ஒவ்வொன்றிலும் ஆணும் பெண்ணும் இளைஞருமாக 60 முதல் 100 பேர் வரையிற் காவலிருந்தனர். நான்கு முதல் ஆறு மாதங்கள் வரை பாடசாலையும் பிற அலுவல்களும் நின்றன. சேனைகள் கவனிப்பாரின்றிக் கிடந்தன. உணவு முட்டுப்பாடு ஏற்பட்டது. நிலத்தைக் காக்க நிலத்திற் செய்யும் வேலையையே கைவிடவேண்டி வந்த இந்நிலை, போராட்டத்துக்குப் பெண்கள் கொடுத்த விலையின் அளவை உணர்த்துகின்றது.

வழக்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் நீடித்தது. 2011 யூலையில் கொஸ்தாரிக்காவின் தலைநகரான சான் ஹோசேயில் நடந்த விசாரணையிற் சாட்சியமளித்த சரயாக்கு மக்களுள் பத்ரீசியா குவலிங்கா, ஏனா சாந்தி என்னும் பெண்கள் இருவர் இருந்தனர். 2012 ஏப்ரலில் நீதிபதிகள் சரயாக்குவுக்கே நேரிற் சென்றனர். வழக்கொன்றின் களத்துக்கு அந்நீதிமன்றம் சென்றது அதுவே முதற்றடவை. 2012 யூன் 27இல் தீர்ப்பு வழங்கப்பட்டது. கலந்தாலோசனைக்கான உரிமையும், கூட்டுச் சொத்துரிமையும், பண்பாட்டு அடையாளத்துக்கான உரிமையும் மீறப்பட்டன எனவும், வெடிமருந்து புதைத்தமையால் மக்களின் உயிர் பேராபத்துக்கு உள்ளாக்கப்பட்டது எனவும் நீதிமன்றம் முடிவுசெய்தது. கலந்தாலோசனையை நடத்தும் கடமை அரசுக்குரியது. அதனைக் கம்பனியிடம் கையளிக்க முடியாது என்பது இத்தீர்ப்பின் முக்கிய கூறாகும்.

சபையிலும் வீதியிலும்

வவோரானிப் பெண்கள் 2005இல் தமக்கெனத் தனிச் சங்கமொன்றை அமைத்தனர். ஆண்களின் அமைப்பு கம்பனிகளோடு கொண்ட உறவு அதற்குப் பின்னணியாக இருந்தது. 2013 ஒக்ரோபர் 3ஆம் திகதி யசுனி தேசிய வனத்தில் எண்ணெய் எடுப்பதற்கு அனுமதியளிக்கும் பிரேரணை எக்குவடோர்த் தேசிய சபையில் விவாதிக்கப்பட்டது. வவோரானி அமைப்பின் உபதலைவியாக இருந்த அலிசியா கவுயா அச்சபையிற் பேசினார். அரசுக்கு ஆதரவான குரல் எதிர்பார்க்கப்பட்ட அவ்விடத்தில், தம் மக்களிடம் முறையாகக் கேட்கப்படவில்லை என அவர் எடுத்துரைத்தார். பிரேரணை நிறைவேறியது, அவரும் அச்சுறுத்தல்களுக்கு உள்ளானார். எனினும் சம்மதம் கிடைத்துவிட்டதென்ற கூற்றுச் சபையிலேயே மறுக்கப்பட்டுவிட்டது.

அதே மாதத்திற் பல்வேறு இனக் குழுக்களைச் சேர்ந்த அமேசன் பெண்கள், சிலர் கைக்குழந்தைகளோடு, பூயோவிலிருந்து கீட்டோவுக்கு நடந்தனர். 1992இல் ஆணும் பெண்ணுமாகச் சென்ற பாதையில் இம்முறை பெண்களே தலைமை தாங்கிச் சென்றனர். சனாதிபதி றபாயேல் கொறேயா அவர்களைச் சந்திக்கவில்லை. 2016இல் சாப்பரா மக்களின் நிலத்தைத் தொட்ட புதிய எண்ணெய் ஒப்பந்தங்களுக்கு எதிராக அவ்வாண்டின் மகளிர் தினத்திற் பூயோவில் ஊர்வலம் நடந்தது. சாப்பராப் பெண்களின் தலைவி குளோரியா உஷிகுவா இப்போராட்டத்தில் முக்கிய பங்கு கொண்டவர். 2018 மார்ச்சிற் பெண்கள் மீண்டும் கீட்டோவுக்குச் சென்று சனாதிபதி மாளிகையின் முன் அமர்ந்திருந்தனர். அம்முறை சனாதிபதி லெனின் மொறேனோ அவர்களைச் சந்தித்தார். 22 கோரிக்கைகள் கையளிக்கப்பட்டன. எண்ணெய், சுரங்கம் ஆகியவற்றுக்கு எதிரான கோரிக்கைகளோடு, பெண்கள்மீதான வன்முறைக்கு எதிரான கோரிக்கைகளும் அவற்றுள் இடம்பெற்றன. காட்டுக்கு வரும் தீங்கையும் வீட்டில் வரும் தீங்கையும் அவர்கள் வேறுபடுத்தவில்லை.

இவை ஆபத்தின்றி நடைபெறவில்லை. 2018 சனவரியிற் பத்ரீசியா குவலிங்காவின் வீடு இரவிற் கல்லெறிந்து தாக்கப்பட்டது. கொலை மிரட்டலும் விடுக்கப்பட்டது. அவருடன் இயங்கிய வேறு பெண்களும் அவ்வாண்டில் இத்தகைய தாக்குதல்களுக்கு உள்ளாயினர்.

2019: மொழியின் பிரச்சினை

எக்குவடோர் அரசு 2012இற் பஸ்தாசாவின் வவோரானி ஊர்களிற் "கலந்தாலோசனை" ஒன்றை நடத்தியிருந்தது. அதிகாரிகள் விமானத்திற் சென்று குறுகிய நேரமே தங்கினர், ஸ்பானிய மொழியில் விளக்கினர், கையொப்பங்களைப் பெற்றனர். எதற்கு இட்ட கையொப்பம் என்பது பலருக்கும் விளங்கவில்லை. அக்கையொப்பங்களை ஆதாரமாகக் கொண்டு அந்நிலம் 22ஆம் தொகுதியென எண்ணெய் ஏலத்துக்கு உரியதாக்கப்பட்டது.

பஸ்தாசா வவோரானி அமைப்பின் முதற் பெண் தலைவியாகத் தெரிவுசெய்யப்பட்ட நெமொந்தே நென்கிமோவும் 16 ஊர்களின் மக்களும் 2019இல் வழக்குத் தொடர்ந்தனர். அதற்கு முன்னரே அவர்கள் தம் நிலத்துக்குத் தாமே படம் வரைந்திருந்தனர். அரசின் படத்தில் எண்ணிட்ட கட்டமாக இருந்த இடம், அவர்களது படத்தில் வேட்டைப் பாதைகளும் மீன்பிடி நிலைகளும் மூலிகை இடங்களும் முன்னோரின் பழைய குடியிருப்புகளும் நிறைந்ததாயிற்று. "வெறுநிலம்" என்ற 1964ஆம் ஆண்டுக் கருத்துக்கு அளிக்கப்பட்ட மறுமொழியாக அப்படத்தைக் கொள்ளலாம்.

2019 மார்ச்சில் விசாரணை தொடங்கியபோது தகுந்த மொழிபெயர்ப்பாளர் இல்லாமை பிரச்சினையாயிற்று. நீதிமன்றத்தில் இருந்த வவோரானிப் பெண்கள் ஒருசேரப் பாடத்தொடங்கினர், விசாரணையைத் தொடர இயலாது போயிற்று, அது பிற்போடப்பட்டது. இதனை வெறும் உணர்ச்சி வெளிப்பாடாகக் கருதலாகாது. விளங்காத மொழியில் நடத்தப்பட்ட கலந்தாலோசனையே வழக்கின் பொருள். அதனை விசாரிக்கும் மன்றமும் விளங்காத மொழியில் நடக்குமாயின் அதே குற்றம் மீண்டும் நிகழ்ந்ததாகும். பெண்களின் பாட்டு எழுப்பிய ஆட்சேபம் சட்டத்தின் மையத்தையே தொட்டது. 2019 ஏப்ரல் 26இல் மூன்று நீதிபதிகள் வவோரானி மக்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர். ஏறத்தாழ 180,000 ஹெக்டேயர் நிலம் ஏலத்திலிருந்து காக்கப்பட்டது. யூலையில் மேன்முறையீட்டு மன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது.

ஆற்றின் வழியே

எக்குவடோரில் நிகழ்ந்தது தனியொரு நிகழ்வன்று. பிறேசிலின் சிங்கு ஆற்றில் அணைகட்டும் திட்டத்தை விவாதிக்க 1989 பெப்ரவரியில் அல்தமீரா நகரிற் பெருங்கூட்டம் நடந்தபோது, துயீரா என்னும் கயப்போ இளம்பெண் எழுந்து சென்று, மின்சாரக் கம்பனிப் பொறியியலாளரின் கன்னத்திற் கத்தியின் அலகை வைத்து எடுத்தார். அக்காட்சி உலகெங்கும் பரவியது, உலக வங்கியின் கடனுதவி கிடைக்கவில்லை, திட்டம் பின்னடைந்தது. ஆயினும் மாற்றியமைக்கப்பட்ட திட்டத்தின்படி 2011இல் பெலோ மொந்தே அணை வேலை தொடங்கி, 2016இல் மின்னுற்பத்தியும் ஆரம்பமாயிற்று. 2024இல் துயீரா காலமானபோது அவ்வாறு தடுக்கப்பட்டிருந்தது. துணிவான மறுப்பு ஒரு திட்டத்தைத் தாமதப்படுத்தலாம். அதனைத் தாங்கும் சட்டம் இல்லையேல் அத்திட்டம் வேறு பெயரில் திரும்பிவரும் என்பதை இது காட்டுகின்றது.

சரயாக்குவின் பொபொனாசா ஆறு பஸ்தாசா ஆற்றோடும், அது பெரு நாட்டின் மரன்யோன் ஆற்றோடும் சென்று கலக்கின்றது. மரன்யோன் கரையில் வாழும் குக்கமா மக்களின் நீரை, நாட்டின் பெரிய எண்ணெய்க்குழாயிலிருந்து கசிந்த எண்ணெய் பலமுறை மாசுபடுத்தியது. ஆற்றின் அடியில் தம் மூதாதையரின் ஊர்கள் உள்ளன என்பது அம்மக்களின் நம்பிக்கை. மரி லூஸ் கனக்கிரியைத் தலைவியாகக் கொண்ட குக்கமாப் பெண்கள் கூட்டமைப்பு 2021இல் தொடர்ந்த வழக்கில், 2024 மார்ச்சில் நவுத்தா நீதிமன்றம் மரன்யோன் ஆறு உரிமைகளையுடையது எனவும், தடையின்றி ஓடவும் மாசின்றி இருக்கவும் அதற்கு உரிமையுண்டு எனவும் தீர்ப்பளித்தது. பெண்கள் கூட்டமைப்பு ஆற்றின் காவலருள் ஒன்றாக ஏற்கப்பட்டது. ஆறு கையொப்பமிடாது, ஆதலின் அதன் சார்பில் எவர் பேசுவர் என்ற வினாவுக்கு நீதிமன்றம் இங்கு நேரடியாக விடைகூறியது.

மதிப்பீடு

இவ்வெற்றிகளை மிகைப்படுத்திக் கூறல் ஆகாது. 1989ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் 169ஆம் இலக்கச் சமவாயமும், 2007ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் பிரகடனமும் கலந்தாலோசனையை வலியுறுத்துகின்றன. எக்குவடோர் 1998இற் சமவாயத்தை ஏற்றது. ஆயினும் கலந்தாலோசிக்கப்படும் உரிமை, எல்லா வேளையிலும் மறுக்கும் உரிமையாகாது. நிலத்தடி வளம் இன்னும் அரசுக்கே உரியது. சரயாக்குத் தீர்ப்பின் பின்னரும் காட்டினுட் புதைந்த வெடிமருந்து பல ஆண்டுகளாக முழுமையாக அகற்றப்படவில்லை. 2023 ஓகஸ்ட் 20இல் நடந்த சர்வசன வாக்கெடுப்பில் எக்குவடோர் வாக்காளருள் ஏறத்தாழ 59 வீதத்தினர் யசுனியின் 43ஆம் தொகுதி எண்ணெயை நிலத்துக்குள்ளேயே விட்டுவிட வேண்டுமென வாக்களித்தனர். கிணறுகளை மூடும் வேலையோ குறித்த ஓராண்டுக் காலத்துள் முடிவடையவில்லை. எல்லாப் பெண்களும் எண்ணெயை எதிர்த்தனர் என்றோ, ஆண்கள் யாவரும் உடன்பட்டனர் என்றோ கூறுதலும் தவறாகும். சரயாக்குவில் இரு பாலாரும் சேர்ந்தே காவலிருந்தனர்.

எனினும் ஒரு மாற்றம் நிலைபெற்றுவிட்டது. 1964இல், அங்கு எவருமில்லை என்று அரசு கூற முடிந்தது. 1993இற் சிலரின் கையொப்பத்தைக் காட்டிச் சமூகம் உடன்பட்டதெனக் கூற முடிந்தது. 2019இன் பின்னர் அக்கையொப்பம் எம்மொழியில், எவ்வளவு நேரத்தில், எதனை அறிந்து, எவரால் இடப்பட்டது என்ற வினாக்களுக்கு மறுமொழி கூறாது அதனைக் காட்டுதல் அரிதாயிற்று. இவ்வினாக்களை எழுப்பியோரும் நீதிமன்றம் வரை கொண்டுசென்றோரும் ஆகியோருள் பெண்கள் முதன்மையானவர்கள். பேச்சுவார்த்தை மேசையிலிருந்து அவர்கள் விலக்கப்பட்டமையே அம்மேசையின் குறையைக் காணும் இடத்தில் அவர்களை நிறுத்தியது. சேனையிலும் நீர்க்கரையிலும் அவர்கள் செய்துவந்த உழைப்பு அக்குறையை எடுத்துரைக்கும் தகைமையை அவர்களுக்கு அளித்தது.

வரலாறு பயில்வோருக்கு இதிலொரு பாடம் உண்டு. ஓர் ஒப்பந்தத்தை வாசிக்கும்போது அதில் எழுதப்பட்டதையும் கையொப்பமிட்டோரின் பெயர்களையும் நோக்குவது நம் வழக்கம். அவ்வொப்பந்தத்தால் எவருடைய உழைப்பும் உணவும் நீரும் மாறப்போகின்றனவோ, அவர்கள் அவ்வேளையில் எங்கிருந்தனர் என்பதையும் சேர்த்துக் கேட்டாலன்றி நம் வாசிப்பு நிறைவுறாது.